சிறுவாணி நீர்மட்டத்தோடு கசிவளவையும் அச்சிட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கோவைப் பக்கத்தில் சிறுவாணி அணையின் நீர்மட்டம் ஒரு சிறு கட்டத்துக்குள் வெளியாகிறது. எங்கள் வீட்டில் தலைப்புச் செய்தியைவிட அதைத்தான் முதலில் பார்ப்போம். காப்பித் தம்ளரைக் கையில் கொடுக்கும்போதே என் மனைவி "இன்னிக்கு எத்தனை அடி?" என்று கேட்டுவிடுவார். நாற்பதைத் தாண்டியிருந்தால் பேச்சு வேறு பக்கம் போகும். பதினைந்துக்குக் கீழே இறங்கிவிட்டால், மொட்டைமாடியில் கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் டிரம்கள் அன்றைக்கே கீழே வந்துவிடும். கோடையில் எங்கள் தெருவுக்குப் பத்து நாளைக்கு ஒரு முறைதான் குழாயில் நீர் வந்த காலமும் உண்டு என்பதால், இது வேடிக்கைக்குப் படிக்கிற எண் அன்று. அந்தக் கட்டத்தில், அணைச் சுவர் வழியே ஊறி வரும் கசிவு எவ்வளவு என்ற இன்னும் ஒரு வரியைச் சேர்க்கக் கேட்டே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். எதற்காக அந்த வரி என்பதை விளக்கச் சற்று இடம் தேவைப்படுகிறது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

சிறுவாணி, பவானியின் துணையாறு. அணை இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். அதன் நீரைக் குடிப்பது கோவை. 1973 ஆகஸ்ட் 19 அன்று இரு மாநிலங்களும் செய்துகொண்ட 99 ஆண்டு ஒப்பந்தப்படி, ஜூலை முதல் ஜூன் வரையிலான ஓராண்டில் 1.3 டி.எம்.சி. நீர் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) நமக்கு வர வேண்டும். கட்டுமானச் செலவும் பராமரிப்புச் செலவும் தமிழ்நாட்டுடையவை. பராமரிக்கும் பொறுப்பு கேரள நீர்ப்பாசனத் துறையுடையது. 1984-இல் புதிய அணை பயன்பாட்டுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே, ஆங்கிலேயர் காலத்தில், முத்திக்குளத்தில் சிறிய அணை ஒன்றைக் கட்டி, மலையைக் குடைந்து ஊருக்கு நீரைக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த யோசனையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே எடுத்துரைத்த எஸ்.பி. நரசிம்மலு நாயுடுவையும், பின்னாளில் அதை நிறைவேற்றப் பாடுபட்ட சி.எஸ். இரத்தினசபாபதி முதலியாரையும் கோவைக்காரர்கள் மறக்கக் கூடாது. (உலகிலேயே இரண்டாவது சுவையான நீர் சிறுவாணி நீர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோமே, அந்தப் போட்டியை யார் எங்கே நடத்தினார்கள் என்று நானும் பலரிடம் கேட்டுவிட்டேன், இதுவரை பதில் இல்லை. ஆனாலும் நீர் சுவையானதுதான்.)

கொள்ளளவைப் பார்த்தால் இது சிறிய அணை. மேட்டூரில் 93.47 டி.எம்.சி. தேங்கும், இங்கே ஒரு டி.எம்.சி.கூடத் தேங்காது, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். ஆண்டுக்கு 1.3 டி.எம்.சி. எடுக்க வேண்டுமானால் இந்தச் சிறிய பாத்திரம் ஓராண்டில் இரண்டு தடவையாவது நிரம்பி வடிந்தாக வேண்டும். ஆகவே விளிம்பில் ஒவ்வோர் அடியும் நமக்குக் கணக்கு.

அந்த விளிம்பில்தான் கை வைக்கப்பட்டிருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 878.50 மீட்டர் என்பது அணையின் முழு நீர்மட்டம். நம் ஊர்ப் பேச்சில் 49.53 அடி. அணையின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, கேரள அதிகாரிகள் சில ஆண்டுகளாக 877.00 மீட்டருக்கு மேல், அதாவது 44.61 அடிக்கு மேல், நீரைத் தேக்க விடவில்லை. இதனால் 122.05 மில்லியன் கன அடி, மொத்தத் தேக்கத்தில் 19 சதவீதம், குறைந்துபோகிறது என்று சுட்டிக்காட்டி, 2022 ஜூனில் தமிழ்நாடு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கேரள முதலமைச்சர் பினராயி விஜயனுக்குக் கடிதம் எழுதினார். வெறும் ஒன்றரை மீட்டர்தானே என்று தோன்றும். லிட்டரில் மாற்றிப் பார்த்தேன்; ஏறத்தாழ 345 கோடி. ஒப்பந்த அளவின்படி நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் எடுப்பதாக வைத்துக்கொண்டால், முப்பத்து நான்கு நாளைக்கான குடிநீர். ஏப்ரல், மே மாதங்களில் இந்த முப்பத்து நான்கு நாள் என்றால் என்ன என்பதை டேங்கர் லாரிக்குப் பணம் கொடுத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் செய்தி வரும்போதெல்லாம் எங்கள் பகுதி டீக்கடையில் நடக்கும் பேச்சு ஒன்றே: "வேணும்னே பண்றாங்க." எனக்கு அதில் உடன்பாடில்லை. 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் கேரளம் பட்ட பாட்டைக் கண்ணால் கண்ட எந்தப் பொறியாளரும் அணையை விளிம்புவரை நிரப்பக் கையெழுத்திடத் தயங்கத்தான் செய்வார். அணைக்குக் கீழே ஆற்றோரத்தில் இருப்பது கோவை அல்ல. அட்டப்பாடியின் இருளரும் முடுகரும் குறும்பரும் வாழும் ஊர்கள். நமக்கு நீர் நின்றால் டிரம்; அவர்களுக்கு அணை நின்றால்தான் உயிர். அவர்களுடைய அச்சத்தை அரசியல் என்று தள்ளிவிட்டு என் வீட்டுக் குழாயைப் பற்றி மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதேபோல, "பாதுகாப்பு" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, அளவும் காரணமும் கெடுவும் எதுவும் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளுவதும் சரியில்லை.

நான் ஓய்வு பெறும்வரை ஒரு பஞ்சாலையின் சாயப் பிரிவில் பாய்லர் பராமரிப்பில் இருந்தவன். ஆண்டுக்கொரு முறை அரசு பாய்லர் ஆய்வாளர் வருவார். ஓர் ஆண்டு எங்கள் பழைய பாய்லரைத் தட்டிப் பார்த்து, தகட்டின் தடிமனை இடம் இடமாக அளந்து, இதுவரை பத்துக் கிலோ அழுத்தத்தில் ஓடியது இனி எட்டுக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். அழுத்தமானியின் முகத்தில் இருந்த சிவப்புக் கோட்டை அவர் எதிரிலேயே மாற்றிப் போட வைத்தார். மேலாளர் கத்தினார்; உற்பத்தி குறையும், அனுப்ப வேண்டிய துணி நின்றுபோகும் என்றார். ஆய்வாளர் பதில் பேசவில்லை. கையிலிருந்த தாளை நீட்டினார். எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது என்று வரிசையாக எழுதியிருந்தது. வாதம் அங்கேயே முடிந்தது. அந்தச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு பாய்லர் அறைச் சுவரில் மாட்டினோம். அடுத்த ஆண்டு தேய்ந்த பகுதிகளை மாற்றிய பிறகு, மறுபடியும் சோதனை போட்டு, கோடு பழைய இடத்துக்கே போயிற்று.

சிறுவாணியில் சிவப்புக் கோட்டை இறக்கிவிட்டார்கள். சுவரில் தாள் எங்கே என்பதுதான் என் கேள்வி.

ஒன்றரை மீட்டரைக் குறைத்ததற்கு இரண்டு விதக் காரணம் இருக்க முடியும். இரண்டும் வேறு வேறு நோய், வேறு வேறு மருந்து. முதலாவது, வெள்ளத்துக்கு இடம் விடுவது. காட்டில் ஒரே இரவில் பெருமழை கொட்டினால், நிரம்பி நிற்கும் அணை அதை வாங்கிக்கொள்ள முடியாது. சற்றுக் காலியாக இருந்தால் மதகை நிதானமாகத் திறக்கலாம். இது நியாயமான முன்னெச்சரிக்கை. ஆனால் இது மழைக்காலத்துக்கு மட்டுமே பொருந்தும். தென்மேற்குப் பருவமழை உக்கிரமாக இருக்கும் ஜூலை, ஆகஸ்டில் 44.61 அடியில் நிறுத்திவிட்டு, மழை ஓயும் மாதங்களில் வரும் நீரைக் கொண்டு 49.53 வரை நிரப்பிக்கொள்வதற்கு எந்தத் தடையும் இருக்கக் கூடாது. இந்த மாதத்துக்கு இந்த உயரம் என்று அட்டவணை போட்டு அணைகளை இயக்குவது இன்று எல்லா இடத்திலும் உள்ள நடைமுறைதான்.

இரண்டாவது, அணையின் உடம்பிலேயே கோளாறு இருப்பது. அப்படியானால் கோடையிலும் நிரப்பக் கூடாதுதான். ஆனால் அப்போது ஒன்றரை மீட்டர் மட்டும் போதுமா என்ற கேள்வி வருகிறது. நீர் அணைச் சுவரைத் தள்ளும் விசை ஆழத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். சுவரைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்பம் ஆழத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். நாம் சொல்லும் 49.53 அடி, நீரெடுக்கும் மட்டத்துக்கு மேலே உள்ள உயரம் மட்டுமே; அணையின் முழு உயரம் ஐம்பது மீட்டருக்கும் மேல். அந்த ஆழத்தில் ஒன்றரை மீட்டரைக் கழித்தால், தள்ளுவிசை தோராயமாக ஐந்து, ஆறு சதவீதமும் கவிழ்க்கும் திருப்பம் எட்டு, ஒன்பது சதவீதமும் குறையும். இது என் கைக்கணக்குதான்; ஆனால் பள்ளிக்கூட இயற்பியலுக்கு மேற்பட்டது எதுவும் இதில் இல்லை. அணைக்குக் கிடைக்கும் நிம்மதி ஆறு சதவீதம். நாம் இழக்கும் நீர் பத்தொன்பது சதவீதம். உடம்பில் கோளாறு இருந்தால் அந்த ஆறு சதவீதத்தை நம்பி ஆண்டுகளைக் கடத்துவது அட்டப்பாடிக்கு ஆபத்து. கோளாறு இல்லை என்றால் பத்தொன்பது சதவீதத்தை இழப்பது கோவைக்கு அநியாயம். எது உண்மை என்று இரு ஊர்க்காரர்களுக்கும் யாரும் சொல்லவில்லை.

இதைச் சொல்லக்கூடிய சாட்சி அணைக்குள்ளேயே இருக்கிறது. அதுதான் கசிவு. சிறுவாணி, தன் எடையாலேயே நீரைத் தாங்கி நிற்கும் கல் கட்டுமான அணை. கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சாந்து வழியாக நீர் கொஞ்சம் கொஞ்சமாக ஊறி வருவது இத்தகைய அணைகளின் இயல்பு; கசியாத கல் அணை எதுவும் இல்லை. அந்த நீரை அணையின் வயிற்றுக்குள் ஓடும் காலரி என்ற சுரங்க நடைபாதையில் சேர்த்து, தகட்டில் 'வி' வடிவில் வெட்டிய இடைவெளி வழியாக வழியவிட்டு, எத்தனை சென்டிமீட்டர் உயரத்துக்கு வழிகிறது என்று அளவுகோலால் பார்த்தால், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பது தெரிந்துவிடும். ஒரு பணியாளர், ஓர் அளவுகோல், ஒரு நோட்டுப் புத்தகம், அவ்வளவே தேவை.

அந்த எண் தனியாகப் பெரிதா சிறிதா என்பதில் அவ்வளவு விஷயமில்லை. நீர்மட்டம் ஏறும்போது கசிவு ஏறுவதும் இறங்கும்போது இறங்குவதும் இயல்பு. போன ஆண்டு இதே 40 அடியில் இருந்ததைவிட இந்த ஆண்டு 40 அடியில் கூடியிருக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. கூடியிருந்தால் சாந்திலுள்ள சுண்ணாம்பு கரைந்து வெளியேறுகிறது என்று பொருள் கொள்ளலாம்; காலரிச் சுவரில் வெள்ளை வெள்ளையாகப் படிவதும் அதுதான். அதைவிட அஞ்சத்தக்கது, கசிவு திடீரென்று குறைந்துபோவது. வடிகால் துளைகளைச் சுண்ணாம்பு அடைத்துக்கொண்டால் வெளியே கசிவு குறையும். உள்ளே சிக்கிய நீர் அணையை அடியிலிருந்து மேல்நோக்கித் தூக்கப் பார்க்கும். தன் எடையையே நம்பி நிற்கும் அணைக்கு அந்தத் தூக்குவிசை நேர் பகை. ஆகவே "கசிவு குறைந்தது" என்ற செய்தியைப் படித்தும் சட்டென்று மகிழ்ந்துவிடக் கூடாது. கசிவையும் நீர்மட்டத்தையும் அருகருகே வைத்து, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டால்தான் எதுவும் புரியும்.

கசிவைச் சரிசெய்ய முடியாது என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி நம் மாவட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஆனைமலையில் மின் வாரியத்தின் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையத்துக்கு நீர் தரும் காடம்பாறை அணையும் கல் கட்டுமானம்தான். அங்கே கசிவு கூடிக் கூடி நிமிடத்துக்கு 38,000 லிட்டர் வரை போயிற்று. 2005-இல் அணையை வடித்து, நீர்படும் முகம் முழுவதிலும் பி.வி.சி. சவ்வுத் தாளை, மேலே சட்டை போட்டதுபோல, பொருத்தி இறுக்கினார்கள். கசிவு நிமிடத்துக்கு 100 லிட்டருக்கும் கீழே இறங்கியது. இந்தியாவில் இந்த முறையைக் கையாண்டது அதுதான் முதல் தடவை. பிறகு, அணைகள் புனரமைப்புத் திட்டத்தில் அப்பர் பவானியிலும் சேர்வலாறிலும் இதையே செய்தார்கள். சிறுவாணிக்கும் இதுவே மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. நோய் தெரியாமல் மருந்து சொல்வது என் வேலை இல்லை. காடம்பாறையில் முன்னும் பின்னும் அளந்து வைத்திருந்ததால்தான் செய்தது பலித்தது என்று இன்று நிமிர்ந்து சொல்ல முடிகிறது.

சிறிய அணைகள் என்றால் எல்லாருக்கும் சற்று அலட்சியம் உண்டு. 1977-இல் திண்டுக்கல் பக்கம் குடகனாறு அணைக்கு நேர்ந்ததை அன்றைய தலைமுறை மறந்திருக்காது. 15.75 மீட்டர் உயரமுள்ள மண் அணை. கட்டிய ஆண்டே உடைந்தது. வெள்ளம் வந்தபோது பணியாளர்கள் மதகைத் திறக்கத்தான் போனார்கள். மின்சாரம் போய்விட்டதால் அடைப்புகளை முழுவதும் தூக்க முடியவில்லை. நீர் கரைக்கு மேல் வழிந்து மண்ணை அரித்துக்கொண்டு போயிற்று. 2021 நவம்பர் 19 அன்று ஆந்திரத்தின் கடப்பா மாவட்டத்தில் செய்யேற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணை அடித்துச் செல்லப்பட்டபோதும், ஒரு மதகு இயங்காமல் கிடந்தது பின்னர் தெரிய வந்தது. இரண்டும் மண் கரைகள். கல் அணையான சிறுவாணியோடு நேராக ஒப்பிட முடியாது. ஆனால் மின்சாரம், ஜெனரேட்டர், துருப்பிடித்த மதகு, மழை இரவில் அங்கே இருக்க வேண்டிய ஆள் ஆகியவை எல்லா அணைக்கும் பொதுவானவை. இவற்றுக்கெல்லாம் பராமரிப்புச் செலவைத் தருவது தமிழ்நாடு. செய்ய வேண்டியது கேரளம். ஒருவர் பணம் வரவில்லை என்றும், மற்றவர் வேலை நடக்கவில்லை என்றும் சொல்லிக்கொள்ள வசதியான ஏற்பாடு.

சட்டம் இல்லாமல் இல்லை. 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் அந்த ஆண்டு டிசம்பர் 30 அன்று நடைமுறைக்கு வந்தது. 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள எல்லா அணைகளுக்கும் அது பொருந்தும் என்பதால் சிறுவாணியும் அதற்குள் வருகிறது. பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு நடக்க வேண்டும். கருவிகள் பொருத்தி அளவுகளைப் பதிய வேண்டும். ஆபத்துக் காலத்தில் யார் யாருக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்ற அவசரச் செயல்திட்டம் இருக்க வேண்டும். தனி வல்லுநர் குழுவின் முதல் முழுமையான பாதுகாப்பு மதிப்பீடு ஐந்தாண்டுக்குள், அதாவது 2026 டிசம்பர் 30-க்குள், முடிய வேண்டும். சிவப்புக் கோடு 44.61-இலா 49.53-இலா என்பதை அந்த மதிப்பீட்டைக் கொண்டே முடிவு செய்யலாம். அது 44.61 என்று காரணத்தோடு சொன்னால், கோவை அதை ஏற்றுக்கொண்டு, பழுதுபார்க்க எவ்வளவு காலம், எவ்வளவு பணம் என்று கேட்கட்டும். 49.53 என்று சொன்னால் கேரளம் நிரப்பட்டும். அறிக்கை வந்ததும் அது மலையாளத்திலும் தமிழிலும் மக்கள் கைக்குக் கிடைக்க வேண்டும். அட்டப்பாடி ஊர்க் கூட்டங்களில் அதைப் படித்துக் காட்ட வேண்டும் என்றும் சேர்த்துக் கேட்கிறேன்.

முல்லைப் பெரியாறு எப்படிப் போயிற்று என்று பார்த்தோம். 2006-இல் ஒரு தீர்ப்பு, 2014 மே 7-இல் இன்னொரு தீர்ப்பு, 142 அடிவரை தேக்க அனுமதி, அதன் பிறகும் ஓயாத வழக்கு. அங்கே நெடுங்காலப் பகையும் ஐந்து மாவட்டப் பாசனமும் பின்னிக் கிடக்கின்றன. சிறுவாணியில் அந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அணையைப் பராமரிக்கும் துறை ஒன்று, நீரை எடுத்துச் சாடிவயலில் சுத்திகரித்து அனுப்பும் குடிநீர் வடிகால் வாரியம் ஒன்று. இரு தரப்புப் பொறியாளர்களும் ஒரே சாலையில் ஒரே காட்டுக்குள் போய் வருகிறவர்கள். அளவைப் பகிர்ந்துகொள்ள உச்ச நீதிமன்றம் தேவையில்லை.

இனி என் கோரிக்கை. தங்கள் நிருபர் நீர்மட்டத்தை ஒவ்வொரு நாளும் அதிகாரிகளிடம் கேட்டு வாங்குகிறார். அதே தொலைபேசி அழைப்பில் கசிவளவையும் கேட்கச் சொல்லுங்கள். நீர்மட்டம் இத்தனை அடி, மழை இத்தனை மில்லிமீட்டர், கசிவு நிமிடத்துக்கு இத்தனை லிட்டர், அளந்த தேதி இது என்று அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு வரி கூடட்டும். தரமாட்டோம் என்றால், "கசிவு: தரப்படவில்லை" என்று அச்சிட்டுவிடுங்கள், அவர்கள் தரும்வரை ஒவ்வொரு நாளும் அப்படியே அச்சிடுங்கள். காலையில் காப்பியோடு அதைப் படிக்க எங்கள் வீட்டில் இரண்டு பேர் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைத் தொழில்நுட்பர்,
வடவள்ளி, கோயம்புத்தூர்